மாற்று வழி உள்ளது

...மூன்றாவது தடவை, இதே வீடு, இதே மரம், இந்த மனிதர்களுக்கு அலுக்கவே அலுக்காதா என்று நினைத்துக்கொண்டே நாடா கேட்டின் கொக்கியை எடுத்தார், நாடா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர், இருபத்தாறு வருடமாக நகராட்சிக்காக மரம் அளக்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்... காலையிலிருந்து இது ஐந்தாவது வீடு, முட்டி இரண்டும் கெஞ்சுகின்றன, சொந்த வீட்டு மரத்தை வெட்ட எவன் அனுமதி வேண்டும் என்று ஒருவர் கத்தியாயிற்று, பக்கத்து வீட்டுக்காரன் வெட்டினானே, அப்போது எங்கே போனீர்கள் என்று இன்னொருவர், விதியை எழுதியது நானா, நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு மூன்றடியைத் தாண்டினால் அனுமதி வேண்டும் என்று எவனோ எழுதிவைத்தான், திட்டு மட்டும் எனக்கு. படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம், பட்டுப்போனது, நோய் கண்டது, விழும் நிலையில் உள்ளது, சுவரையோ குழாயையோ உடைக்கிறது, இதில் அடங்காவிட்டால் மரம் இருக்கும், மனிதன்தான் சுற்றிப் போக வேண்டும். இந்த வீட்டு அம்மா இரண்டு தடவையும் நாலு கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள், மரம் நடுவில் நிற்பதால் என் வீட்டுக்காரரின் சக்கர நாற்காலி கேட்டுக்கு வர முடியவில்லை என்று. இரண்டு தடவையும் நிராகரிப்பு, இரண்டிலும் நாடாவின் கையெழுத்து. இந்தத் தடவை முதல் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறாள்.

பட்டுத்தான் போயிருந்தது, அதில் பொய் இல்லை. பெயர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாத, படிவத்தில் 'இதர இனம்' என்று போகிற மரம், ஆறு மாதத்துக்கு முன்னால் தளதளவென்று நின்றது, இப்போது இலையெல்லாம் கருகி, உதிராமல் அப்படியே தொங்குகிறது... தானாகச் சாகிற மரம் இப்படிச் சாகாது, உச்சியில் ஆரம்பித்து வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும், ஒரே மாதத்தில் மொத்தமாகப் போனால் யாரோ உதவியிருக்கிறார்கள் என்று அர்த்தம், இதைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் இருபத்தாறு வருடம் என்ன கிழித்தேன். வழக்கமான உயரத்தில் நாடாவைச் சுற்றினார், நாலடி இரண்டங்குலம், பட்டை சுத்தமாக இருந்தது, முனகிக்கொண்டே குனிந்தார். வீட்டைப் பார்த்த பக்கம், இடுப்புக்கும் கீழே, வரிசையாக ஏழு துளைகள், உள்ளே விஷத்தை ஊற்றி, மெழுகால் அடைத்து மேலே மண் பூசி... நேர்த்தியான வேலை, ஏன் இவ்வளவு தாழ்வாக? திரும்பினால், வீட்டு வாசலில் இருந்து மரம் வரைக்கும் மண்ணில் இரண்டு சக்கரத் தடங்கள், மரத்தடியில் வந்து நிற்கின்றன, அதற்கு மேல் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரம். வேண்டுமென்று கொன்ற மரத்துக்கு விதி இன்னும் கறாரானது, வழக்கு, அதோடு அதே இடத்தில் அதே இனத்தில் ஒரு கன்று நட்டு மூன்று வருடம் வளர்க்க வேண்டும், அது வளர்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டியவரும் இவர்தான், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

நிமிர்ந்தபோது அந்த அம்மா பக்கத்தில் நின்றாள், எவ்வளவு நேரமாகவோ. "நான்தான் சார் ஓட்டை போட்டேன், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குரலில். ஜன்னலுக்குள் இருந்து அவள் புருஷன், தலையும் தோளும் மட்டும் தெரிய, "அவ சொல்றத நம்பாதீங்க சார், அவளுக்கு டிரில்லப் பிடிக்கவே தெரியாது" என்றார், கொஞ்சம் பெருமையாகவே சொன்ன மாதிரி இருந்தது, பிறகு குரல் இறங்கி, "பதினாறு மாசமா நான் தெருவையே பாக்கல சார்" என்றார். நாடாவுக்குக் கோபம் வந்தது, ஏன் வந்தது என்று தெரியாத கோபம், உயிருள்ள மரத்தைக் கொல்லுவதற்குப் பதில் பக்கவாட்டில் சுற்றிப் போயிருக்கலாமே, மாற்று வழி உள்ளது என்று இரண்டு தடவையும் எழுதித்தானே கொடுத்தேன், படித்துப் பார்க்கவில்லையா என்று பொரிந்து தள்ளினார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "நீங்க அந்தப் பக்கம் போய்ப் பாத்தீங்களா சார்?"

போகவில்லை... முதல் தடவை மழை, இன்னும் நாலு வீடு பாக்கி, கோப்பில் இருந்த வரைபடத்தில் வீட்டின் பக்கவாட்டு நடைபாதை மூன்றரை அடி அகலம் என்று போட்டிருந்தது, அதைப் பார்த்து எழுதினார், இரண்டாவது தடவை முதல் அறிக்கையைப் பார்த்து எழுதினார், எல்லாரும் செய்வதுதானே. இப்போது போனார். பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே தள்ளி எழும்பியிருந்தது, இந்தப் பக்கம் கழிவுநீர்த் தொட்டியின் விளிம்பு, நடுவில் நாடாவைப் பிடித்தார், ஒன்றரை அடி. மறுபடி பிடித்தார், ஒன்றரை அடிதான். ஒரு நிமிட வேலை, இரண்டு தடவையும் நாடா கையில்தான் இருந்தது.

திரும்பி வந்து அறிக்கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். உள்ளதை எழுதினால் வழக்கு மேலே போகும், மேலே இருப்பவர் பழைய அறிக்கைகளைக் கேட்பார், மாற்று வழியை யார் அளந்தது என்பார்... எழுதாவிட்டால் நாளைக்கே மரம் விழும், கோப்பு மூடும், எல்லாருக்கும் நல்லது, அந்த எல்லாரில் நானும் உண்டு. இயற்கையாகப் பட்டுப்போனது, அகற்றலாம், என்று கை எழுதிவிட்டது, நகலைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினார். அந்த மனிதர் அதை இரண்டு தடவை படித்தார், கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசு சார் உங்களுக்கு." இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது, எது இல்லை, அந்தப் பக்கம் மட்டும் நிஜமாகவே மூன்றரை அடி இருந்திருந்தால் இப்போது இதையே எழுதியிருப்பேனா, இவர் முகத்தைப் பார்த்து எழுதினேனா என் பழைய கையெழுத்தைப் பார்த்து எழுதினேனா... அந்த மனிதர் இன்னும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், உருவிக்கொள்ளத் தெரியாமல் நாடா நின்றார்.