பதினோரு அடி நடைவழி

குழந்தையைத் தனி அறைக்கு மாற்றிய ஒன்பதாம் நாள், அந்த அறைக்கும் பெற்றோரின் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த நடைவழி ஒன்றரை அடி குறைந்திருந்தது. காலடிச் சத்தத்தில் குழந்தை விழித்துவிடக் கூடாதென்று பதினோரு அடிக்கு அளந்து வாங்கிப் போட்ட விரிப்பு, கதவில் முட்டிச் சுருண்டு நின்றதால்தான் விஷயம் வெளியே வந்தது. அளந்தவர் குழந்தையின் அப்பா. வேலை சர்வேயர். ஊரில் பாதிச் சண்டைகளை டேப்பை நீட்டித் தீர்த்து வைத்த மனுஷன். சொந்த வீட்டு விரிப்பையே தப்பாக அளந்தாரென்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? மறுநாள் காலை மறுபடி அளந்தார். இன்னும் இரண்டு அங்குலம் போயிருந்தது.

குழந்தையை மாற்றியதற்குக் காரணம் இருந்தது. அம்மா பஸ் டிரைவர். பத்து மாத விடுப்பு முடிந்து ஒன்றாம் தேதி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். மகளோ இருவருக்கும் நடுவே குறுக்காகப் படுத்து, அம்மாவின் விலாவில் விடிய விடிய உதைத்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் பின்னால் இருக்கும் ஐம்பது பேரின் கதி என்ன? "தனியாப் படுத்துப் பழகட்டும். மனசக் கல்லாக்கிக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னவர் சர்வேயர்தான். மகள் முதல் நாளே கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். டிரைவரும் தூங்கினார்.

குழந்தையின் அறைதான் ஏக்கத்தில் ஊர்ந்து வருகிறது என்று சர்வேயர் முடிவு கட்டினார். கொத்தனார் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை, அஸ்திவாரம் நலம், டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கிடையே படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டிருந்த எலுமிச்சைக் கிளை இப்போது எட்டவில்லை. செடி சுருங்குகிறதென்று சர்வேயர் அதற்குக் கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அவருக்கோ கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போயிருந்தது.

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, "பாவம், நம்மள விட்டு இருக்க முடியாம அறையையே இழுத்துட்டு வர்றா. பழையபடி நம்மகிட்டயே போட்டுக்கலாம்" என்றார்.

டிரைவர் நிமிர்ந்தார். "எங்கேருந்து அளந்தீங்க?"

"நம்ம ரூம் கதவுலேருந்து."

"பஸ் ஸ்டாண்ட்ல நம்ம வண்டி நகர்ந்தா, பக்கத்து வண்டி நகர்ற மாதிரிதான் தெரியும். தெருக் கம்பத்துலேருந்து அளந்து பாருங்க."

அளந்தார். குழந்தையின் அறை இம்மியும் அசையவில்லை. நகர்ந்தது பெற்றோரின் படுக்கையறை. அதுவும் கோணலாக. டிரைவர் படுக்கும் பக்கத்து மூலை இருந்த இடத்திலேயே இருக்க, கதவுப் பக்கம், அதாவது சர்வேயர் படுக்கும் பக்கம் மட்டும் முன்னே போயிருந்தது.

டேப்பைச் சுருட்டியவருக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குத்தான் தூக்கமே வரல. அவ கால் மேல படாமப் படுக்கவே முடியல."

"குழந்த நல்லாத் தூங்குது. நானும் தூங்குறேன். உங்களுக்காக அவள எழுப்பிட்டு வரணுமா? நகர்றவர் நகர்ந்துட்டுப் போகட்டும்" என்று டிரைவர் சிரித்தார். ஒன்றாம் தேதி தெளிந்த கண்களோடு வேலைக்குப் போனார்.

அறுபத்தாறாம் நாள் இரண்டு அறைகளும் ஓசையில்லாமல் ஒட்டிக்கொண்டன. விரிப்பைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். சர்வேயர் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி எட்டு மணி நேரம் தூங்கினார். அறை கோணலாகவே நின்றுவிட்டது, எல்லோருக்கும் பழகியும் விட்டது.

மகள் வளர்ந்தாள். கதவைச் சாத்தக் கற்றாள், பிறகு தாழிடக் கற்றாள், இருபத்திரண்டு வயதில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் பெட்டியைத் தூக்கினாள். டிரைவரே தன் பஸ்ஸில் கொண்டுபோய் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை யாரும் சொல்லாமலே சர்வேயர் தெருக் கம்பத்திலிருந்து அளந்தார். மகளின் காலி அறையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, படுக்கையறை ரயில் நிலையத்தின் பக்கமாக இரண்டு அங்குலம் போயிருந்தது. இந்த முறை இரண்டு மூலைகளும் ஒரே அளவு நகர்ந்திருந்தன. சர்வேயர் மனைவியைப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு, கம்பத்துலேருந்து வர்ற ஒயரக் கொஞ்சம் நீளமா விடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் டூட்டிக்குக் கிளம்பினார்.