முன்னூறும் பத்திரம்

என் வீட்டுக்காரருக்குக் கல்லுப் பைத்தியம். இதை நான் மட்டும் சொல்லவில்லை, மாரண்டஹள்ளி ஊரே சொன்னது. ஸ்டேஷன் மாஸ்டர் குப்புராஜ் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கல்லு மாஸ்டர் என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

மொரப்பூரிலிருந்து ஓசூருக்குப் போகும் சின்ன ரயில்தான் எங்கள் ஸ்டேஷனுக்கு. காலையில் ஒரு வண்டி போகும், சாயங்காலம் திரும்பும். நடுவில் மனுஷன் என்ன செய்வார்? மற்ற ஸ்டேஷன் மாஸ்டர்கள் தூங்கினார்கள், சீட்டு ஆடினார்கள். இவர் ஒரு சுத்தியலையும் கோணிப்பையையும் எடுத்துக்கொண்டு மேற்கே இரண்டு மைலில் இருந்த கரட்டுக் குன்றுக்குப் போனார். அங்கே ஒரு பழைய சுரங்கம். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று சாணை பிடிக்கிற குருந்தக்கல்லுக்காகத் தோண்டிவிட்டு, கட்டுப்படியாகாமல் விட்டுப் போன குழி. அவர்கள் வாரிக் கொட்டின கல்லும் மண்ணும் சுற்றிலும் குவியல் குவியலாகக் கிடக்கும். அதைக் கிளறிக் கிளறி இவர் எதையாவது கொண்டுவருவார். கழுவுவார், காயவைப்பார், ரயில்வே வெள்ளைப் பெயின்டில் குட்டியாக ஒரு எண் போடுவார். பிறகு ஒரு நோட்டில் எழுதுவார். எண், பெயர், கிடைத்த தேதி, கண்டெடுத்தவர் என்று நான்கு கட்டம். கண்டெடுத்தவர் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘நான்’ என்றே இருக்கும். வேறு எவன் போகிறான் அந்தக் குழிக்கு?

கொல்லையில் புங்கமரத்தடியில் அப்படி இருநூறு கல் சேர்ந்துவிட்டது. அதில் நாற்பத்தொன்றாம் எண் போட்ட கல் மட்டும் அவருக்கு உயிர். முப்பத்துநாலாம் வருஷம் அது கிடைத்த அன்று அவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

“மரகதம், கோவிந்தம்மா! ஆறு பட்டை இருக்குது, எண்ணிப் பாரு” என்று முகத்துக்கு நேரே நீட்டினார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “பாத்தேன், பாத்தேன்” என்று சொல்லிக் குழம்பைப் பார்த்தேன்.

விற்கிற எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. விஷயம் தெரிந்த ஒருவர் அதைக் கையில் வைத்துப் பார்த்து, ஆமாம் மரகதம்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஆறு வருஷம் யார் யாருக்கோ கடிதம் போட்டார். ஒருவரும் மதிக்கவில்லை. நாற்பதாம் வருஷம் ஐப்பசியில்தான் சென்னைக் கல்லூரி ஒன்றில் கல் பாடம் நடத்தும் வாத்தியார் ஒருவர் கார்டு போட்டார். நவம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வந்து பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதாக எழுதியிருந்தார். அந்தக் கார்டை என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. கொல்லையில் நான் குளிக்க ஒரு மறைப்புச் சுவர். ஐந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் எனக்கு வந்த கோபத்தில், “ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் இந்தக் கல்லையெல்லாம் வாரித் தண்டவாளத்துல கொட்டறேனா இல்லையா பாருங்க!” என்று கத்திவிட்டேன். லைனில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கு அப்புறம் அவரே சுவருக்கு ஆள் வைத்தார். சின்னக்கா என்கிற கூலிக்காரி வந்து முன்னூறு பச்சைக்கல் அறுத்துக் கொடுத்தாள். சூளையில் வைத்துச் சுடாத மண்கல். எங்கள் பக்கத்தில் அதற்குப் பச்சைக்கல் என்றுதான் பேர். வெயிலில் காயவேண்டும். ஒரு மழை பிடித்தால் கரைந்து சேறாகிவிடும்.

கல் காய்ந்துகொண்டிருந்த சமயம் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நிற்கக்கூட முடியவில்லை. தர்மபுரி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சாயங்கால வண்டியில் ஏற்றினார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டி நகரும்போது அவர் ஜன்னலில் முகத்தை வைத்து, பல் தந்தியடிக்க என்னைக் கூப்பிட்டார்.

“பச்சைக்கல்லை உள்ள எடுத்து வெச்சிரு. மத்தது எப்படியோ போகட்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ச்சலில் விழுந்து கிடக்கிற மனுஷனுக்கு என் சுவர் ஞாபகம் இருக்கிறதே! இந்த மனுஷனையா அத்தனை திட்டினோம் என்று இருந்தது.

சின்னக்காவை இழுத்துக்கொண்டு ஓடினேன். முதல் தூறல் விழுவதற்குள் முன்னூறு கல்லையும் வீட்டுக்குள் சுமந்து அடுக்கிவிட்டோம். கூடத்தில் நடக்க வழியில்லை. நான் கல்லடுக்குக்கும் அரிசிப் பானைக்கும் நடுவில் பாய் போட்டுப் படுத்தேன். சந்தோஷமாகத்தான் படுத்தேன்.

மூன்று நாள் மழை விடவில்லை. பாலக்கோடு போகும் வழியில், லைனுக்கு அடியில் தண்ணீர் போகும் ஒரு மோரிக்குப் பக்கத்தில் தண்டவாளக் கரை அரித்துக்கொண்டு போய்விட்டது. லைன் மேஸ்திரி மாரப்பன் நனைந்துகொண்டே கொல்லைக்கு வந்தார்.

“அம்மா, கரை உள்வாங்குது. ஜல்லி வண்டி வர்றதுக்குள்ள மொத்தமும் போயிருமுங்க. புங்கமரத்தடியில கெடக்கிற கல்லை எடுத்துக்கிடட்டுங்களா? மாஸ்டர் ஏதாச்சும் சொல்லுவாருங்களா?”

மற்றது எப்படியோ போகட்டும் என்று அவரே வாயால் சொல்லியிருக்கிறாரே. “தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க” என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? நாலு நடையில் புங்கமரத்தடி துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது.

சனிக்கிழமை ரயில் கார்டு தர்மபுரியிலிருந்து சேதி கொண்டுவந்தார். “பச்சைக்கல் பத்திரமான்னு மாஸ்டர் கேக்கச் சொன்னாருங்க.”

“முன்னூறும் பத்திரம்னு சொல்லுங்க. ஒண்ணுகூட நனையலைன்னு சொல்லுங்க” என்றேன் பெருமையாக.

மறுநாள் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. ‘முன்னூறு ஏது? நான் கேட்டது நாற்பத்தொன்று. பிளாட்பாரத்தில் ஆள் இருந்ததால் பேர் சொல்லவில்லை. வாத்தியார் வருகிறார். ஜாக்கிரதை.’

படித்துவிட்டு அந்தக் கல்லடுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு வீட்டில் திருட்டுப் போனதிலிருந்து அவர் மரகதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, கல்லோடு கல்லாகக் கிடக்கட்டும் என்று கொல்லையில் போட்டுவைத்திருந்தார். என்னிடம் சொல்லித்தான் போட்டார். நான் காதில் வாங்கினால்தானே.

மாரப்பனிடம் ஓடினேன். “அது மேல மண்ணு போட்டு, ஜல்லி போட்டு, கட்டை போட்டு, வண்டியே ஓடுதுங்களேம்மா” என்றார். சரிவில் இறங்கி நகம் பெயரத் தேடினேன். சிவப்பு மண்தான் வந்தது.

கல் போனதுகூட அப்புறம். வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் நினைத்துவிட்டால்? தண்டவாளத்தில் கொட்டுகிறேன் என்று ஊர் கேட்கக் கத்தினவள் நான். சொன்ன மாதிரியே தண்டவாளத்துக்கு அடியில் போய்க் கிடக்கிறது. இனி எந்தச் சாமி மேல் சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்? நான் அவர் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். அவர் திட்டமாட்டார், அதுதான் எனக்குப் பயம். ஒன்றும் பேசாமல் நோட்டை மூடிவைத்துவிடுவார். அப்புறம் சாகிறவரைக்கும் அந்த மூடின நோட்டோடு நான் குடித்தனம் நடத்தவேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததும் கரட்டுக்குக் கிளம்பினேன். சின்னக்காவும் துணைக்கு வந்தாள். அதே குழியில் இன்னொன்று கிடைக்காமலா போகும்?

குவியலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அந்தக் கல்லின் அடையாளமே சரியாகத் தெரியாது என்று. பச்சை. கட்டைவிரல் அளவு. ஆறு பட்டை என்றார். எந்தப் பச்சை? அறுகம்புல் பச்சையா, வேப்பிலைப் பச்சையா? ஆறு வருஷத்தில் எத்தனை தடவை முகத்துக்கு நேரே நீட்டியிருப்பார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நின்று பார்த்திருக்கக் கூடாதா நான்? சின்னக்கா பார்க்காதபோது அழுதேன்.

மூன்று நாள் கிளறினோம். இரண்டாம் நாள் எனக்கே ஒரு ருசி வந்துவிட்டது, சொன்னால் சிரிப்பீர்கள். சாம்பல் நிறத்தில் ஒன்றுக்கும் உதவாத மாதிரி கிடக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் உள்ளே ரோஜா நிறம், தவிட்டு நிறம், அப்பளம் மாதிரி ஏடு ஏடாக மினுங்கும் ஒன்று. “அம்மா, இருட்டப் போவுது, வூட்டுக்குப் போலாம் வாங்க” என்று சின்னக்கா கூப்பிட்டால், “இந்த ஒண்ணு மட்டும்” என்றேன். அவர் வழக்கமாகச் சொல்லுகிற அதே வார்த்தை.

புதன்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் பச்சையாக ஒன்று கிடைத்தது. கட்டைவிரல் அளவு. பட்டையை எண்ணினால் நாலும் வந்தது, ஏழும் வந்தது. இருக்கட்டும் என்று முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். வேப்பங்குச்சியை வெள்ளைப் பெயின்டில் தொட்டு, நாற்பத்தொன்று என்று எண் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியிலிருந்து என் வீட்டுக்காரரும் வாத்தியாரும் சேர்ந்தே இறங்கினார்கள். ஆசுபத்திரியில் விட்டுவிட்டார்களாம். அவர் பாதியாகி இருந்தார், கண் மட்டும் பளபளவென்று இருந்தது. வாத்தியார் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனுஷர். வீட்டுக்குள் வந்தால் உட்கார இடமில்லை. பச்சைக்கல் அடுக்கின் மேல் ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்தேன்.

என் வீட்டுக்காரர் அடுக்கைப் பார்த்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கண்ணாலேயே எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

“கொண்டா” என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

தட்டில் வைத்து நீட்டினேன். வாத்தியார் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். “இது என்ன, ‘சக’ன்னு எழுதியிருக்கு?”

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ௪௧. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகின தமிழ் எண். பதற்றத்தில் கைக்கு வந்ததை எழுதியிருக்கிறேன். இவர் ஆயுசில் தமிழில் எண் போட்டதில்லை. கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மண்ணில் தேய்ந்து நகம் பிய்ந்த என் விரல்களையும் பார்த்தார்.

“நாப்பத்தொண்ணுங்க. தமிழ் இலக்கம்” என்றார்.

வாத்தியார் பேனாக்கத்தியால் ஓரத்தில் லேசாகக் கீறினார். மாவாக உதிர்ந்தது. “மன்னிக்கணும் மாஸ்டர். மரகதத்தைக் கத்தி கீறாது. இது சாதாரணப் பச்சைப் பாறை.”

இது என் கல் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

“ஆமாங்க” என்றார் என் வீட்டுக்காரர். “நான்தான் ஆறு வருஷமா ஏமாந்துட்டேன். உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்.”

எனக்குத் தாங்கவில்லை. யார் முன்னால் பேசுகிறோம் என்றெல்லாம் பார்க்கவில்லை. “அவரு ஏமாறலைங்க! ஏமாத்தப் பாத்தது நானு!” என்று ஆரம்பித்து, ரயில் ஜன்னலில் அவர் சொன்னதிலிருந்து வேப்பங்குச்சி வரைக்கும் கொட்டித் தீர்த்தேன்.

வாத்தியார் தான் உட்கார்ந்திருந்த அடுக்கைத் தொட்டுப் பார்த்தார். “அப்போ அந்தக் கல்?”

“உங்க வண்டி அது மேலதானுங்க வந்துச்சு” என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “ஆறு பட்டையும் ஒழுங்கா இருந்துதா?”

“இருந்துச்சுங்க.”

“கத்தி போட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேங்க. கத்தி முனைதான் மழுங்குச்சு.”

வாத்தியார் பேனாக்கத்தியை மடக்கினார். “பாக்காத கல்லுக்கு நான் பேர் சொல்லக் கூடாது, மாஸ்டர். ஆனா நீங்க பாத்த விதம் சரி. உங்களுக்குக் கல்லைப் பாக்கத் தெரியுது” என்றார். சாயங்கால வண்டியில் கிளம்பும்போது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

வண்டி போனபிறகு வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் அந்த முன்னூறு கல்லும்தான்.

“எதுக்கு மூணு நாள் கரட்டுல அலைஞ்சே?” என்றார்.

“வேணும்னே கொட்டிட்டேன்னு நெனச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேங்க.”

“வேணும்னு கொட்டறவ எதுக்குடி நம்பர் போடறா?”

அவ்வளவுதான் கேட்டார். நான் வாய்விட்டு அழுதேன். ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது மொத்தமும் வந்துவிட்டது. அவர் தடுக்கவில்லை. அழுது முடிக்கிறவரை இருந்துவிட்டு நோட்டைக் கேட்டார். மூடி உள்ளே வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

விரித்தார். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, எண் கட்டத்தில் ௪௧ என்று, பழக்கமில்லாத கையால் மெதுவாக எழுதினார். தேதி கேட்டார், புதன்கிழமை என்றேன். ‘நான்’, ‘நான்’ என்று இறங்கி வந்த கட்டத்தில் ‘கோவிந்தம்மாள்’ என்று எழுதினார். பேருக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“என்ன பேருங்க போடுவீங்க?” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டேன்.

கூடத்து அடுக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘பச்சைக்கல்’ என்று எழுதினார்.