திறந்து பார்க்காத வண்டிகள்

மிஷினிலிருந்து காகிதச் சீட்டு நறநறவென்று வெளியே வந்தபோது அவள் அதை உடனே கிழிக்கவில்லை. குனிந்து புகை அடர்த்தியின் அளவை இரண்டு முறை படித்தாள். பூஜ்யம் புள்ளி ஆறு. போன வருடம் இதே வண்டியின் புகைக்குழாயில் இதே குழலைச் செருகி ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது இரண்டைத் தாண்டி, எல்லைக்கு மயிரிழை கீழே நின்று தப்பித்தது. அன்று கூடம் முழுக்கக் கரும்புகை. ரசீது எழுதும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்றாரா, இல்ல சூளை வச்சு நடத்தறாரா?" என்று கேட்டதை அந்த நிலையமே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது.

இன்றைக்கு மிதித்தபோது சத்தம் மட்டும்தான் வந்தது. குழாயின் வாய்க்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது.

"என்னம்மா, வண்டி திருந்திடுச்சா? அவரும் திருந்திட்டாரா?" என்றாள் அக்கா, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"அவர் எங்கக்கா திருந்தறார். வண்டியை மட்டும்தான் திருத்த முடிஞ்சுது."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நிலையத்தில் ஒன்பது வருடமாக வண்டிகளின் புகையை அளந்து சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறாள். எத்தனையோ நல்ல எண்களைப் பார்த்திருக்கிறாள். இந்த எண்ணைப் போல எதையும் மடியில் வைத்துக் கொஞ்சத் தோன்றியதில்லை.

காரணம் இருந்தது. நான்கு மாதம் முன்பு ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எஞ்சின் தள்ளும் புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்பி, உள்ளே எரிகிற சூட்டைத் தணிக்கிற வால்வு ஒன்று டீசல் வண்டியில் உண்டு. மெக்கானிக்குகள் அதை இ.ஜி.ஆர் என்பார்கள். கரி படிந்து அது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. கணவன் கடை கடையாகப் போய்ப் பூட்டும் கீலும் விற்கிறவன். வண்டி படுத்தால் அவனும் படுத்த மாதிரி. "ஒரு தகடு வச்சு அடைச்சுட்டா தொல்லை விட்டுது. எல்லாரும் அப்படித்தான் ஓட்றாங்க," என்றான். "யார் வேணா ஓட்டட்டும். நான் கையெழுத்துப் போடற வண்டியில அது வேண்டாம்," என்றாள் அவள். இரண்டு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், வால்வின் படம் போட்ட கெட்டி அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தான். "போதுமா? உங்கண்ணன் பட்டறையில சொல்லிப் புதுசே போட்டாச்சு."

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் வண்டி விஷயத்தில் அவள் பேச்சு எடுபட்டது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அலமாரியில் வைத்து ஊசி, நூல், பழைய சாவிகள் என்று போட்டு வைத்தாள். ஒவ்வொரு முறை அதைத் திறக்கும்போதும், இந்த வீட்டில் தன் சொல்லுக்கும் ஒரு எடை உண்டு என்று யாரோ காதில் சொல்வது போல இருக்கும். இப்படி ஒரு அட்டைப் பெட்டிக்கு மயங்குகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும்.

அதனால்தான் இன்று பானெட்டைத் திறந்தாள். கடமைக்காக இல்லை. படிவத்தின் கடைசியில் 'புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் உள்ளபடி இருக்கின்றனவா' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்காக மற்ற வண்டிகளையெல்லாம் டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பாள். படிவத்தில் அண்ணனின் பட்டறை முத்திரையோடு வருகிற வண்டிகளை மட்டும் திறக்க மாட்டாள். அண்ணன் கை பட்டதைத் தான் சரிபார்ப்பது என்னவோ அவனைச் சந்தேகப்படுவது போல அவளுக்குக் கூசும். இந்த வண்டியும் அண்ணன் பட்டறையிலிருந்துதான் வந்திருந்தது. திறந்தது ஆசையில். புதுப் பாத்திரத்தைத் துணியை விலக்கிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

உள்ளே பழைய வால்வுதான் இருந்தது. மேட்டில் நின்ற அன்று அவள் பார்த்த, ஸ்பானர் வழுக்கி விழுந்த கீறல்கூட அப்படியே இருந்தது. ஆனால் வால்வும் குழாயும் சேருகிற இடத்தில் இரண்டு போல்ட்டுகள் மட்டும் புதுசு. அவற்றுக்கு நடுவே, கத்தி முனையைப் போல மெல்லியதாக ஒரு விளிம்பு மின்னியது. அவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். தகடு. வால்வின் வடிவத்துக்கு அளவாக வெட்டி, பிசிறில்லாமல் அரம் போட்டு வைத்த தகடு. அரத்தை அப்படி ஒரே பக்கமாக இழுக்கிற கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியாதது அப்போதுதான் உறைத்தது. தகடு மட்டும் வைத்தால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும். லேப்டாப்பை மாட்டி, வால்வு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கும் சொல்லியிருக்கிறார்கள். வண்டி வரைக்கும் யோசித்தவர்கள் தன்னைப் பற்றி யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

கணவன் கையில் டீக் கோப்பையோடு உள்ளே வந்தான். "முடிஞ்சுதா? எனக்கு இன்னும் ரெண்டு கடை பாக்கியிருக்கு." பானெட் தூக்கி நிற்பதைப் பார்த்ததும் நின்றான். அவன் முகம் வெளுக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அதில் எரிச்சல்தான் வந்தது.

"ஏன் திறந்தே? உங்கண்ணன் பட்டறை வண்டியைத்தான் நீ திறக்கவே மாட்டியே."

அவள் டார்ச்சை அணைத்தாள். அந்த விஷயம் அவளைத் தவிர கணவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கட்டிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். "சின்ன வயசுல சைக்கிள் செயின் கழன்றா அண்ணாதான் மாட்டித் தருவான். நான் பெடலைச் சுத்திக்கூடப் பாக்காம ஏறிப் போயிடுவேன். இப்பவும் அவன் வண்டின்னா பானெட்டைத் தொடறதில்ல." போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி அவன் சிரித்தான். தன்னைப் பற்றி ஏதோ அழகான ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டது போல அன்றைக்கு அவளுக்கு நிறைவாக இருந்தது.

"சாவியை அங்கயே வச்சிட்டு உக்காருங்க," என்றாள். "வந்துடறேன்."

பட்டறை அதே தெருவில் நான்கு கட்டடம் தள்ளி. அண்ணன் ஒரு வேனுக்கு அடியில் கால்கள் மட்டும் தெரியும்படி படுத்திருந்தான். அவள் செருப்புச் சத்தத்தை வைத்தே, "வா பாப்பா, சாப்டியா?" என்றான். அப்புறம் வெளியே சறுக்கி வந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"மாப்ள உளறிட்டாரா?"

"வண்டி சொல்லுச்சு."

அவன் எழுந்து கந்தைத் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "அளவு எவ்ளோ வந்துச்சு?"

"பூஜ்யம் புள்ளி ஆறு."

"அடேங்கப்பா! அப்புறம் எதுக்கு எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிற? போன வருஷம் அள்ளி அள்ளிக் கரியைத் துப்பின வண்டி."

"கரி கண்ணுக்குத் தெரியும்ணா. உள்ள சூடு ஏறி இப்ப வர்ற விஷவாயு தெரியாது. நெஞ்சைப் பிடிக்கறது அதுதான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"உன் மிஷின் அதை அளக்குதா?"

"இல்ல."

"பாரு. மிஷினுக்கே இல்லாத கவலை உனக்கு."

"மிஷின் அளக்காதுன்னுதான் ஒரு ஆளைக் கண்ணால பாக்கச் சொல்லிக் கட்டம் போட்டிருக்கு. அந்த ஆள் நான்தான்."

அவன் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களைப் பார்த்தான். அளவு வரிசை மாறாமல், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவம் சுவரில் வரைந்திருக்கும். எது காணாமல் போனாலும் தெரிந்துவிடும். அந்த ஒழுங்குக்காகவே அவனை நம்பினாள்.

"அந்தப் பெட்டி?" என்று கேட்டாள்.

"அது வேற வண்டிக்குப் போட்ட வால்வோடது. மாப்ள கேட்டார், குடுத்தேன். நீ சந்தோஷப்படுவேன்னார்." கொஞ்சம் நிறுத்தி, "பட்டியா இல்லியா?" என்றான், சிரிக்க முயன்றபடி.

"பட்டேன்."

அந்தப் பதிலில் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கேட்க விரும்பாததைக் கேட்டாள். "இந்த ஒண்ணுதானா?"

கந்தைத் துணியை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"எல்லாத்துக்கும் பண்ணல பாப்பா. கேட்டவங்களுக்கு மட்டும்தான்."

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"எங்கிட்ட வந்தா உங்கிட்ட பாஸாயிடும்னு தெரிஞ்சா யார்தான் கேக்க மாட்டாங்க? மாப்ளதான் ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னார், பாப்பா நம்ம வண்டியைத் திறக்கறதே இல்லன்னு. அதுக்கு முன்னாடி ஒரு வண்டிக்குக்கூட நான் பண்ணதில்ல. சத்தியமா. உன்னை இதுல இழுக்க வேண்டாம்னுதான் சொல்லல. தெரியாம இருந்தா உனக்கு ஒண்ணும் வராது பாரு."

அவன் அதை உண்மையாகவே நம்பினான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டுவான், மழுப்புவான் என்று வந்தவளுக்கு அவன் கண்ணில் அந்தப் பழைய அக்கறை அப்படியே இருந்தது. சைக்கிளை நிமிர்த்தி, "ஏறு, போ," என்று சொல்கிற அதே முகம். அப்போதாவது செயின் சரியாக மாட்டியிருந்ததா என்று முதன்முதலாக ஒரு கேள்வி வந்து, அதை நினைத்ததற்காகவே அவளுக்கு அழுகை முட்டியது. அழாமல் திரும்பி நடந்தாள்.

கணவன் கண்ணாடித் தடுப்பில் சாய்ந்து நின்றிருந்தான். அக்கா சாப்பிடப் போயிருந்தாள்.

"டிக் போட்டுக் குடு. மத்ததை வீட்ல பேசிக்கலாம்."

அவள் படிவத்தை எடுத்து உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"இல்லன்னு எழுதினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா உங்கண்ணன் பட்டறைக்கு வருவாங்க. அங்க வந்தா பழசெல்லாம் கிளறுவாங்க. பழசுல யார் கையெழுத்து இருக்கு, யோசிச்சியா?" அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். மிரட்டுகிற குரல் அல்ல. குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். "உன் வேலை போயிடும். உனக்காகத்தான் சொல்றேன்."

"நான் அவன் வண்டியைத் திறக்கறதில்லன்னு அவன்கிட்ட ஏங்க சொன்னீங்க?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். "ஏதோ பேச்சு வந்துச்சு. சொன்னேன். அதுல என்ன இருக்கு?"

அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்திலேயே இல்லை. அவள் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். மூன்று எழுத்துகளும் தெளிவாக, பெரிதாக விழுந்தன. கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் ஒரு நிமிடம் அந்தக் காகிதத்தைப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிளப்பும் சத்தம் கேட்கவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது அவள் பழைய படிவங்கள் வைக்கும் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா தேடற?" என்று கேட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

கட்டுகளைப் பிரித்து, அண்ணனின் பட்டறை முத்திரை உள்ள படிவங்களை மட்டும் உருவி, தேதி வாரியாகத் தரையில் பரப்பிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றிலும் கடைசிக் கட்டத்தில் டிக் இருந்தது. அதற்குக் கீழே அவள் கையெழுத்து. முதல் படிவங்களில் முழுப் பெயரும், தகப்பன் பெயரின் முதலெழுத்தும், அடியில் ஒரு கோடும், இரண்டு புள்ளிகளும் இருந்தன. கொஞ்சம் தள்ளிப் புள்ளிகள் இல்லை. இன்னும் தள்ளிக் கோடு இல்லை. பெயர் பாதியாகி, பாதியும் இரண்டு வளைவாகி, கடைசி வரிசையில் காகிதத்தில் ஒட்டிக்கொண்ட தலைமுடியைப் போல ஒரே ஒரு இழுப்பாகக் கிடந்தது. அதை எடுத்துப் போடப் போவது போல அவள் விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள்.