வியாழக்கிழமைக் குறை

மருதமுனையில் முத்தலிபின் தறிக்கொட்டில் அவர் மனைவி சபூறாவின் சீதன வளவுக்குள்ளேயே இருந்தது. வீட்டின் கடைசி அறைக்கும் கொட்டிலுக்கும் நடுவில் ஒரே சுவர். கலியாணமான நாளிலிருந்து தறிச் சத்தத்தோடுதான் அவள் சமைத்தாள், தொழுதாள், பகலில் கண்ணயர்ந்தாள். அதனால், முத்தலிப் நெருப்புக் காய்ச்சலில் மவுத்தாகி, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கிற இத்தாவுக்காக அவள் அந்தக் கடைசி அறைக்குள் போனபோது, சுவருக்கு அப்பால் ஓடுகிற தறிகள்தான் அவளுக்குத் துணையாக இருந்தன.

முத்தலிப் இளம் வயதில் கொழும்பில் பெரியதொரு நெசவாலையில் வேலை செய்தவர். அங்கே எப்போதாவது ஒரு துரை வருவார். இயந்திரங்களை இடம் மாற்றுவார், வேலை முறையைத் திருத்துவார், சுவரெல்லாம் அறிவித்தல் ஒட்டுவார். அவர் கப்பலேறிச் சில மாதம் போவதற்குள் ஆலை பழையபடி ஆகிவிடும். இதைக் கண்ணால் கண்டு சலித்த முத்தலிப், ஊருக்கு வந்து சொந்தமாகத் தறி போட்டதும் ஒரு வழக்கம் வைத்தார். வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுததும் தறிகளை நிறுத்தி, எல்லாரையும் பாயில் உட்காரவைத்து, “என்ன குறை?” என்று கேட்பார். ஆளுக்கொரு குறை சொல்லவேண்டும். வெடித்த நூல்குழல், வழுக்குகிற மிதிகட்டை, எட்டாத இடத்தில் தொங்கும் கயிறு என்று சின்னச் சின்ன விசயங்கள்தான். அதில் ஒன்றையாவது சனிக்கிழமை தறி ஓடுவதற்கு முன்னால் சரிசெய்துவிடுவார். மழையோ நோன்போ அறுவடையோ, ஒரு வாரமும் விட்டதில்லை. அந்தக் கொட்டிலில் நெய்த, இடுப்பில் உடுக்கும் சாரத்தைக் கல்முனைக்குடிக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

இத்தா தொடங்கிய வாரமே சபூறா தன் தங்கை றஹீமாவை அனுப்பி, வியாழக்கிழமை இருப்பை மட்டும் விடவேண்டாம் என்று தறிகளைப் பொறுப்பேற்றிருந்த மர்சூக்கிடம் சொல்லச் சொன்னாள். ஓம், நடக்குது என்று அவன் பதில் அனுப்பினான்.

நடக்கத்தான் செய்தது. அவள் தன் காதாலேயே கேட்டாள். அஸர் முடிந்ததும் தறிகள் ஒவ்வொன்றாக ஓயும். பாய் உதறுகிற சத்தம் கேட்கும். பிறகு அந்தக் கேள்வி. பிறகு ஒவ்வொரு குரலாகக் குறைகள். ஸைனுலாப்தீனின் தறிக்குப் பின்னேரத்து வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. புதுச் சீப்பில் ஒரு பல் நூலை அறுக்கிறது. மசூரின் தறிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கும் கப்பைக் கறையான் உள்ளுக்குள் தின்றுவிட்டது, பலத்த காற்றடித்தால் கூரை இறங்கும். முகட்டைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். அவர் போனாலும் அவர் வைத்த வழக்கம் போகவில்லை என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒன்றிரண்டு விசயங்கள் மட்டும் சரியாகப் பொருந்தவில்லை. மர்சூக்குக்குக் கீச்சுக் குரல். சுவருக்கு அப்பால் கேட்டதோ கனத்த குரல், ‘குறை’ என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துக் கேட்கும் குரல். மர்சூக் அவரைப் போலக் கதைத்துப் பழகுகிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணிக்கொள்வது வசதியாகவும் இருந்தது. ஒருநாள், அங்கே ஸைனுலாப்தீன் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, தேத்தண்ணி கொண்டுவந்த றஹீமா, கொட்டில் இன்றைக்கு வெறிச்சென்று கிடக்கிறதே என்றாள். தங்கைக்கு எப்போதும் கவனம் வேறெங்கோதான் என்று எண்ணியபடி சபூறா கிளாசை வாங்கிக்கொண்டாள்.

வாரம் போகப்போகக் குரல்கள் குறைந்தன. ஒரு வியாழன் இரண்டு பேர் மட்டும் சொன்னார்கள். அடுத்த வியாழன் ஒருவர். இத்தா முடிய இருந்த கடைசி வியாழன், பாய் உதறிய சத்தத்துக்குப் பிறகு, “என்ன குறை?” என்று குரல் கேட்டது. பதில் இல்லை. மறுபடி கேட்டது. பதில் இல்லை. கொஞ்ச நேரம் போய், சுவருக்கு மிகக் கிட்டத்தில், உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் வாய் இருக்கக்கூடிய உயரத்தில், அதே கேள்வி மெதுவாக வந்தது. சபூறா எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் கையை வைத்தாள்.

இத்தா முடிந்து குளித்துத் தொழுது, அவள் முதலில் போனது கொட்டிலுக்குத்தான். மூலையில் பாய் சுருட்டி வைத்தபடி கிடந்தது. அதன் வாயை மூடிச் சிலந்தி வலை பின்னியிருந்தது. வலையில் பழைய தூசி. அவள் மர்சூக்கைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

“ரெண்டு கிழமதான் வெச்சம் ராத்தா. பொறகு ஒருத்தருக்கும் வாய் வரல்ல. அவர் இருந்த இடத்தப் பாக்க ஏலாமப் போச்சு. ஒங்களுக்குச் செல்ல வெக்கமாக் கிடந்திச்சு.”

அப்படியானால் வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு இங்கே இருந்தது யார் என்று சபூறா கேட்டாள்.

“ஒருத்தரும் இருக்கல்ல. வேளைக்கே கதவப் பூட்டிட்டு ஊட்ட போயிருவம்.”

அவள் பாயின் வாயிலிருந்த வலையைக் கையால் துடைத்தாள்.

வந்த வியாழக்கிழமை அவளே பாயை உதறி விரித்தாள். நெசவுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நூல் சுற்றுகிற ஆசியா உம்மாவும் ஒரு ஓரமாக இருந்தாள். சபூறா கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. இந்த மௌனம் அவளுக்குப் பழகிப்போன மௌனம். அதைப் பொறுக்க முடியாமல், தான் கேட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். வெயில், சீப்பின் பல், கறையான் தின்ற கப்பு.

மசூர் எழுந்து நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

“அந்தக் கப்புட கத நான் பொஞ்சாதிக்கிட்டயும் செல்லல்ல ராத்தா. மனசுக்குள்ள நெனச்சன், அவ்வளவுதான்.”

“எப்ப நெனச்ச?”

“வியாழக்கிழமதான். அஸரோட கடக்கரையில தனிய இருக்கக்குள்ள. அந்த நேரம் வந்தா மனசு தன்பாட்டுல இஞ்ச வந்திரும்.”

ஸைனுலாப்தீனும் மெதுவாகத் தலையாட்டினார். அவருக்கும் அப்படித்தானாம். பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் யாரோ கேட்டதுபோல இருக்குமாம், அவரும் மனதுக்குள் பதில் சொல்லிவிடுவாராம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கப்பை மாற்றினார்கள். பழைய கப்பை இழுத்தபோது அது கையோடு மாவாக உதிர்ந்தது. வெயில் பக்கம் தென்னோலைக் கிடுகுத் தட்டி கட்டினார்கள். சீப்பைத் திருத்தினார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று சபூறா நம்பினாள். நடந்தது வேறு. அடுத்த வியாழன் எல்லாரும் தலை குனிந்து, உதட்டுக்குள் ஓதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நினைப்பதையே கேட்கிற பெண்ணுக்கு முன்னால் நினைக்கவும் பயந்தார்கள். கொட்டிலில் ஜின் இருக்கிறது என்று ஒருவர் வேலையை விட்டு நின்றார். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி நாலு மூலையிலும் தெளித்தார்கள்.

சபூறாவுக்கோ இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. வியாழன் அஸருக்குப் பிறகு, கொட்டில் கலைந்ததும், கடைசி அறைக்குள் போய்ச் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். வெறும் மண்சுவர், குளிர்ச்சியாக இருந்தது. மற்றவர்களிடம் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னாலும் யாரும் நம்பவில்லை. கொட்டில் மெல்ல மெல்லக் கீழே போனது. குழல்கள் வெடித்தபடியே ஓடின. தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் அறுவது நாளுக்கு நாள் கூடியது. நாளெல்லாம் நூல் முடிச்சுப் போடுவதிலேயே போனது. ஏன் அறுகிறது என்று அவள் கேட்டால், அவளுக்குத் தெரியாததா என்று பார்ப்பதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு வியாழன் அவள் பாயில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கேட்டு, வழக்கம்போலப் பதில் கிடைக்காமல் அழுதுவிட்டாள். அப்போது ஆசியா உம்மா வாய் திறந்தாள்.

“எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு எங்கட வாயக் கிண்டுறது ஏன் புள்ள?”

“தெரிஞ்சாக் கேப்பனா உம்மா?”

ஆசியா உம்மா அவளை உற்றுப் பார்த்தாள். சோதித்துப் பார்க்கிற பார்வை.

“அப்ப கஞ்சிட கத ஒங்களுக்குத் தெரியாதா?”

பாவு நூல் உறுதியாக இருக்கப் போடுகிற கஞ்சியைக் காய்ச்சுவது சபூறாதான். கலியாணமான காலத்திலிருந்து அது அவளுடைய அடுப்பு வேலை. இத்தாவிலும் அவளே காய்ச்சி, றஹீமாவிடம் கொடுத்தனுப்பினாள்.

“கஞ்சிக்கு என்ன?” என்றாள்.

“கட்டி கட்டியாக் கிடக்கு. அவர் மவுத்தான நாள்ல இருந்து அப்படித்தான். அடுப்படியில நிண்டு கிண்டாம எங்கயோ யோசினையில இருக்கீங்க போல. நூல் காஞ்ச ஒடன மொறிஞ்சு போகுது. கொட்டில்ல உள்ள எல்லாருக்கும் தெரியும்.”

சபூறாவின் முகம் சிவந்து, காது மடல் வரைக்கும் சூடேறியது. அது நடிக்கக்கூடிய முகமில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது என்பதை எல்லாரும் கண்டார்கள். ஸைனுலாப்தீன் தொண்டையைச் செருமினார். யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிறகு மசூர் தன் மிதிகட்டைக் கயிறு காலை அறுப்பதைச் சொன்னான். மர்சூக், சாயச் சட்டி வாசலில் கிடந்து எல்லார் காலிலும் இடறுவதைச் சொன்னான். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இரவு படுக்கும்போதுதான் சபூறாவுக்கு உறைத்தது. கொட்டிலில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் நினைத்திருக்கக்கூடிய அந்தக் குறையை மட்டும் சுவர் அவளுக்குச் சொல்லவில்லை. முத்தலிப் உயிரோடு இருந்த காலத்திலும் அவளுடைய சமையலில் நாலு பேர் முன்னால் குறை சொன்னதில்லை. அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். பயமா, அழுகையா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அதன்பிறகு கஞ்சியை அடுப்பை விட்டு நகராமல் நின்று காய்ச்சினாள். நின்றுபோன நெசவுக்காரர் திரும்பி வந்தார். பிந்திய மாதங்களில் சாரம் மறுபடி பெயரெடுத்தது.

அந்த வருடக் கடைசியில்தான் பெருவெள்ளம் வந்தது. மழை நாட்கணக்கில் விடாமல் அடித்து, குளங்கள் உடைத்து, மாவடிப்பள்ளிப் பக்கத்து வயலும் கடலும் ஒன்றாகிவிட்டன. மருதமுனைச் சனம் மேட்டுப் பள்ளிக்கூடமொன்றில் ஏறியது. சபூறாவின் கொட்டிலில் தறிக்குழிகள் எல்லாம் நிரம்பி, சாயம் கரைந்து, வளவெல்லாம் நீலத் தண்ணீராய் நின்றது. வந்தவர்கள் வந்த கோலத்தில் இருந்தார்கள். யாருக்கும் கிழமை நினைவில்லை.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூட விறாந்தையில் அஸர் தொழுது முடித்ததும், யாரும் கூப்பிடாமலே, கொட்டில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு மூலையில் குந்தினார்கள். பிறகுதான் அது வியாழக்கிழமை என்று தெரிந்தது. ஈரச் சேலையோடு சபூறாவும் போய் அவர்களோடு இருந்தாள். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன குறை?”

கேட்டது யார் என்று பின்னாளில் அவர்களுக்குள் பெரிய தர்க்கம். சபூறா என்று ஆசியா உம்மா சத்தியம் செய்தாள். சபூறாவோ வாயே திறக்கவில்லை. ஸைனுலாப்தீன் கேட்டதாக மசூர் சொன்னான், அவர் மறுத்தார். அந்த நேரத்தில் மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் பதில் சொன்னவன் மர்சூக்.

“நூல் கட்டெல்லாம் கீழ் ராக்கைத் தட்டுல கிடக்கு,” என்றான். “இனிமே முகட்டோட பரண் கட்டி மேல போடணும்.”

நல்ல யோசனை என்றார் ஸைனுலாப்தீன். பரணுக்குக் கமுகஞ்சலாகை போதுமா, காட்டுக்கம்பு வெட்டவேண்டுமா என்று அவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள்.