இடது காலுக்கு ஒரு தலையணை

வலது கால். எட்டு மாதமாக நான் தூக்கித் தூக்கி வைக்கும் கால் எனக்குத் தெரியாதா? அத்தைக்கு மரத்துப்போனது வலது கால்தான். பிறகு இவர் ஏன் தன் அம்மாவுக்கு இடது என்று எழுதியிருக்கிறார்?

கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கணவரின் எழுத்தில் ஒரு தப்பு தென்பட்டால் என் மனம் முந்திக்கொண்டு அவருக்காக வாதாடும். பதினான்கு வருடப் பழக்கம்.

நான் ஒரு கேள்வி-பதில் தளத்தில் மாடரேட்டர். வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் என் மடிக்கணினி, மறு மூலையில் அத்தையின் மருந்து டப்பா. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன்னுடையதாகப் போட்டுக்கொண்டால் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. திருட்டு என்று நான் முடிவு செய்தால் எடுத்துப் போட்டவரின் கணக்கு மூடப்படும். அவர் அதுவரை எழுதிய அத்தனையும் அழிந்துபோகும்.

அன்று மதியம் வந்த புகாரில் இரண்டு பதில்கள் இருந்தன. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவுக்கு முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரோ கேட்டிருந்தார்கள். முதல் பதில் என் கணவருடையது. ஐந்து மாதத்துக்கு முன் போட்டது; ஆயிரக்கணக்கானவர்கள் பாராட்டியது. அவர் எழுதிய அன்று 'படிச்சுப் பாரேன்' என்றார். அத்தையின் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது, நான் படிக்கவில்லை. இரண்டாவது பதில் 'ஜன்னலோரம்' என்ற பெயரில் ஒரு பெண் மூன்று நாளுக்கு முன் போட்டது. தொண்ணூற்றொரு சதவீதம் ஒன்றே என்றது, பதில்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம். புகார் கொடுத்திருந்தவர் என் கணவர்.

இயந்திரத்தின் கணக்கு அவ்வளவுதான். நம் தளத்தில் எது முன்னால் வந்தது என்று சொல்லும். உலகத்தில் எது முன்னால் வந்தது என்று சொல்லாது. அதை மனுஷிதான் தேட வேண்டும். நல்ல வாக்கியத்தைத் தேடிப் பயனில்லை, நல்ல வாக்கியத்தை யாரும் எழுதிவிடலாம். கோணலான ஒன்றை, அந்த ஒரு ஆளுக்கு மட்டுமே தோன்றக்கூடியதை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு வெளியே தேட வேண்டும்.

கணவரின் பதிலில் அப்படி ஒன்று இருந்தது. 'புரட்டும்போது அம்மா என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார். அதனால் பொத்தான் இல்லாத சட்டைதான் போடுகிறேன்.' அதற்கு அடுத்த வரி: 'உணர்வில்லாத இடது காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகாலைக் காற்றில் மிதக்கவிடுங்கள்.'

தேடினேன். நின்றுபோன ஒரு வலைப்பூவின் பழைய பக்கம் இணையச் சேமிப்பகத்தில் கிடைத்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. மேலே அதே பெயர், ஜன்னலோரம். அதே பொத்தான், அதே இடது கால். கடைசியில், என் கணவர் எடுக்காமல் விட்ட ஒரு வரி: 'அம்மா போய் ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை எனக்கு விழிப்பு வருகிறது.'

அதற்குள் வாசலில் அவர் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை பொத்தான்.

"புகார் வந்துச்சா?"

"வந்துது."

"வரிக்கு வரி அப்படியே எடுத்திருக்கா, பாத்தியா? காப்பியடிக்கிறதுக்கும் ஒரு கூச்சநாச்சம் வேணாமா?"

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். தேதியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறி இறங்குவது தெரிந்தது.

"எங்கயோ படிச்சது... மனசுல தங்கியிருக்கும்."

"இடது கால் கூடவா?"

"எந்தக் கால்?"

அவர் நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "இங்க பாரும்மா. ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியில அறுபது குடும்பம் வருது, நான் பேசறதைக் கேக்க. என் பதிலைப் படிச்சுட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க. நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரி. யார் எழுதினா என்ன?"

"யார் எழுதினா என்னன்னா, அவங்க மேல எதுக்குப் புகார் கொடுத்தீங்க?"

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா நீதிபதியம்மா!" சிரிக்கப் பார்த்தார். "புகார் சரின்னு ஒரு தட்டு தட்டிடு. நான் உன் புருஷன்னு அங்க எவனுக்குத் தெரியும்? அவளும் யாரோ. இன்னொரு பேர்ல வந்து மறுபடி எழுதிட்டுப் போறா."

திருடியதற்காகக் கோபப்பட வேண்டும் என்று மனத்தைத் தூண்டிப் பார்த்தேன். தினம் முப்பது திருட்டு பார்க்கிறவளுக்கு அந்தக் கோபம் வரவில்லை. வேறொன்று வந்தது. அத்தை பிடித்துக்கொள்வது பொத்தானை அல்ல, என் பின்னலை. அதனால்தான் எட்டு மாதமாகக் கொண்டை போட்டிருக்கிறேன். பத்தடி தள்ளி, அடுத்த அறையில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை நடப்பது அது. எட்டிப் பார்த்திருந்தால் என்னிடமிருந்தே திருடியிருக்கலாம். முகம் தெரியாத ஒருத்தியின் வீட்டுக்குப் போய் எடுத்துவந்திருக்கிறார், தன் வீட்டில் அந்தப் பொருளே இல்லாதது போல. என்னைத் திருடவாவது செய்திருக்கக் கூடாதா என்று நினைத்த மறுகணம், எவ்வளவு கேவலமான ஆசை இது என்று கூசினேன். ஆனாலும் ஆசைப்பட்டது நிஜம்.

கைபேசி அலாரம் அடித்தது. நான்கு மணி. அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம்.

நான் எழுந்தேன். அவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"இன்னிக்கு நான் பண்றேன். அம்மாவை நான் பாத்துக்கறேன், நீ அந்த வேலையை முடி. சரியா?"

என் வேலையை ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டு அவருக்கு ஆக வேண்டிய வேலையை எனக்குக் கொடுக்கிறார். நான் முடிக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் அத்தை விழித்துத்தான் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியதிலிருந்து பேச்சு குழறும். ஆனால் நாக்கின் கூர் மட்டும் மழுங்கவில்லை.

"என்னடா, வழி தவறி வந்துட்டியா?"

"உன்னைத் திருப்பிப் படுக்கவைக்க வந்தேம்மா."

"பார்த்துடா, சட்டை கசங்கிடப் போகுது."

அவர் குனிந்து எங்கே கை கொடுப்பது என்று தெரியாமல் தடுமாறினார். தோளைப் பிடித்தார், விட்டார், இடுப்பைப் பிடித்தார். எப்படியோ ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மூச்சு வாங்கியது. பிறகு, படித்தது நினைவுக்கு வந்தவரைப் போல, தலையணையை எடுத்து இடது காலுக்குக் கீழே பத்திரமாகச் செருகினார்.

அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தார். "அது நல்ல காலுடா. அதால உன்னை எட்டி உதைக்கக்கூட முடியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை, அத்தையும் சிரிக்கவில்லை.

"சரி, திருப்பியாச்சு," என்றார், கைகளைச் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்தபடி. "இப்ப போய் அதைத் தட்டிடு. ப்ளீஸ்."

"இல்லைங்க," என்றேன்.

அதற்குப் பின்னால் ஏதாவது வரும் என்று அவர் காத்திருந்தார். ஒரு சண்டை, ஓர் அழுகை, ஏதாவது ஒரு காரணம். தலையணையை உருவி வலது காலுக்குக் கீழே வைத்தேன். குதிகால் படுக்கையைத் தொடாமல் நிற்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். அத்தையின் கை துழாவி மேலே வந்து, கழுத்தோரம் அவிழ்ந்திருந்த என் முடியைப் பிடித்துக்கொண்டது.