விரல் அறிந்த வரிசை

மாலை வெயில் கூரைத்தகடுகளில் மெல்லச் சரிந்து, ஆற்றோரத்துப் பட்டறைகளின் சாளரங்களுக்குப் பொன் பூசி, இரும்படிக்கும் ஓசையும் மரமறுக்கும் ஓசையும் ஒடுங்கிய பின்னும் தையற்பொறி ஒன்று வண்டுபோல் முரன்றுகொண்டிருந்த நீண்ட கூடத்துள் புகுந்து, அங்கே விரிந்து கிடந்த போர்வையின் மேல் படிந்தது. கூடத்துக்கு உரியவள் தையற்காரி. பிறர் கையால் துண்டுதுண்டாய் இணைத்துக் கொண்டுவரும் மேல்துணிக்கு நடுவில் பஞ்சும் அடியில் துணியும் வைத்து, மூன்றும் பிரியாதபடி பொறியால் கோலமிட்டுத் தைத்துத் தருவது அவள் தொழில். எந்தப் போர்வைக்கு எந்தக் கோலம் என்று தேர்வதில் அவளுக்கு நிகர் அவளே. கூரிய முக்கோணங்கள் நெருங்கியதற்கு வளைந்தோடும் கொடியைத் தருவாள். பூ மலிந்ததற்கு நேர்கோடு தருவாள். குழந்தைக்கென்றால், அடர்ந்த தையல் துணியைப் பலகையாய் விறைக்கச் செய்யுமென்று அறிந்து, அலைகளை அகல விடுவாள். படிப்பவரே, அத்தகையவளும் ஒருமுறை தவறினாள்.

அப்போர்வையை இணைத்தவர் கண்ணொளி இழந்த தச்சர். பார்வை போனபின் உளியைத் தொடாத அவர், தொடங்கி முழுதாய் முடித்த பொருள் அது ஒன்றே. அதைச் சுமந்து வந்தவள் அவர் மனைவி. சிவப்பின் அருகே பச்சையும் ஊதாவின் அருகே மஞ்சளுமாய், குழாயடியில் மல்லுக்கு நிற்பவர்கள்போல நிறங்கள் ஒன்றையொன்று முறைப்பதைக் காட்டி, இதைக் கட்டிலில் விரித்தால் தூக்கம் எழுந்து ஓடிவிடும் என்று சிரித்தாள். கண்ணை உறுத்தாமல் செய்ய முடிந்தால் விரிப்பதாகவும், இல்லையேல் பரணில் ஏற்றிவிடுவதாகவும் சொன்னாள். தையற்காரி தன் கண்ணை நம்பினாள். சாம்பல்நிற நூலால் நெருங்கிய சுருள்களை இட்டு, நீளவாக்கில் இடப்பாதியைத் தைத்து முடித்தாள். நிறங்கள் அழகாகவே அடங்கின.

மறுநாள் தச்சர் மனைவியின் தோளைப் பற்றியபடி வந்தார். தைத்த பாதியைக் கீழிருந்து மேலாகத் தடவினார், மீண்டும் தடவினார்.

“நல்லா தைச்சிருக்கீங்கம்மா,” என்றார். “ஆனா நான் செஞ்சது எங்க?”

“ஏங்க, எல்லாம் அப்படியேதான் இருக்கு. கலர்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு,” என்றாள் மனைவி.

“கலரை யாரு பார்த்தா? நான் துணியைத்தான் பார்த்தேன்.”

தையற்காரி கண்களை மூடி, தைக்காத பாதியில் கைவைத்தாள். கால்புறத்தில் சாக்குத்துணி சொரசொரத்தது. அடுத்து வரிவரியாய்ப் புடைத்த தடித்துணி. அதன்பின் கம்பளி, பலமுறை துவைத்து நைந்த பருத்தி, முகம் படும் இடத்தில் நீர்போல் நழுவும் பட்டு. மரத்தின் ரேகை பார்த்து இழைப்பவர்போல, ஒவ்வொரு துண்டின் இழையும் ஒரே பக்கம் சாயும்படி அவர் வைத்திருந்தார். இருளில் போர்த்துபவருக்குத் தலைப்பக்கம் இதுவென்று போர்வையே சொல்லும். இடப்பாதியிலோ, சுருள்கள் அத்தனையையும் அமுக்கி ஒரே தளமாக்கி, அவர் சொல்லிவைத்ததன் வாயை அடைத்திருந்தன.

தையலைப் பிரித்துவிடுவதாகவும், ஊசித்துளைகள் மட்டும் போகா என்றும் அவள் மறைக்காமல் சொன்னாள்.

“இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் தச்சர். “உளி தப்பின மேசையை மேல துணி விரிச்சு நானும் வித்திருக்கேன்.”

“அந்த மேசைதாங்க திரும்பி வந்து நம்ம வீட்டுல கெடக்குது,” என்றாள் மனைவி.

சுருள் முழுவதையும் பிரித்து, இணைப்புகளின் பள்ளத்துக்குள்ளேயே தையலை ஓடவிட்டு, பஞ்சு நகரக்கூடிய அகன்ற துண்டுகளில் மட்டும் இழையின் சாய்வோடு சிறு முடிச்சுகளை இட்டாள். தன் கைத்திறனை எங்கும் காட்டாதிருக்கத் தேவைப்பட்ட திறன், அதுவரை அவள் இட்ட கோலங்கள் எவற்றுக்கும் தேவைப்பட்டதில்லை.

போர்வை பரணுக்குப் போகவில்லை. நிறங்கள் இன்றும் சண்டையிடுகின்றன. மனைவி இன்றும் குறைகூறுகிறாள். விளக்கணைந்தபின் தலைப்பக்கத்தைத் தேடும் அவள் கை மட்டும் ஒருநாளும் தடுமாறுவதில்லை.