கோதுமைக் கப்பலுக்கு ஒரு கையெழுத்து

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறி, கழிவெண்ணெயைக் கடலில் கொட்டுகிறார்களா என்று சோதிப்பது என் மனைவி ரவ்தாவின் வேலை. கடலடியில் மண்பானைகளை இறக்கி எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிப்பது என் வேலை. அன்று காலை தூக்கிய பானையெல்லாம் தார் பூசியதுபோல் மேலே வந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கோதுமைக் கப்பலைச் சுற்றி எண்ணெய் மினுமினுத்தது. அந்தக் கப்பலைத் தடுத்து வைத்தால்தான் எங்களுக்கு நஷ்டஈடு. உடனே ரவ்தாவுக்குப் போன் போட்டேன்.

"பாத்துக்கறேன் லம்ஜத், நீ கத்தாத" என்றாள்.

கப்பல் துறைமுகத்துக்குள் வந்ததும் ஏறினாள். கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். சுத்தம் என்று பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் எண்ணெயை அளக்கும் கருவிக்குள் நல்ல தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். ரவ்தா அந்தக் குழாயைத் தேடிப் பிடித்து மூடினாள். இயந்திரம் ஊரைக் கூட்டுவதுபோல் அலறியது. என் பெண்டாட்டி கெட்டிக்காரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது துறைமுகத் தலைவர் போனில் வந்தார்.

"கப்பலைப் பிடிச்சு வெச்சா கேப்டன் சரக்குக் கிடங்கைத் திறக்கமாட்டேங்கறான். ஊருல ரொட்டிக்கு அடிதடி நடக்குது. இப்ப எண்ணெயா முக்கியம்?"

"திறக்க வைக்கறது உங்க வேலைங்க."

"அவன் உன் கையெழுத்தைத்தாம்மா கேக்கறான்."

கப்பல் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் நான் குதித்தேன். "அந்தக் கேப்டன் பூச்சாண்டி காட்டினான், நீ பயந்துட்ட. இனிமே எங்களுக்கு யாரு நஷ்டஈடு குடுப்பா?"

"யாரும் குடுக்கமாட்டாங்க. நான்தான் சுத்தம்னு எழுதிட்டேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு நாளா இந்த வீட்டுல ரொட்டி இருந்துதா, சொல்லு."



கோதுமை இறங்கியது. கப்பல் ஜாம்ஜாமென்று போனது. ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் மோங்கி நின்றான். அவன் பானைகளும் நாசம்.

"உன் வீட்டம்மா புண்ணியத்துல ரொட்டி வந்துருச்சு" என்றான், எல்லோர் காதிலும் விழும்படி. "தொட்டுக்கத்தான் கடல்ல ஒண்ணுமில்ல. போய் எண்ணெயைத் தொட்டுக்குவோம்."

வரிசையே சிரித்தது. இருந்தாலும் நான் வரிசையை விட்டு நகரவில்லை.

ரொட்டியை மேசைமேல் வைத்தேன். ரவ்தா அதைத் தொடவே இல்லை. "பசிக்கல" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் பங்கையும் சேர்த்து நான்தான் தின்றேன். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.